செய்மதித் தொலைபேசியை ஆராய்ந்து வாங்குதல்

தெதுரு ஓயா சிலாபத்துக்கு வடக்கே கடலொடு கலக்கின்றது. மேலே குருணாகல் மாவட்டத்திற் பெய்யும் பெருமழை இவ்வாற்றின் வழியே இறங்குவதால், சிலாபத்தில் வானம் வெளுத்திருக்கும்போதும் வயலில் வெள்ளம் ஏறுதல் உண்டு. நீர்த்தேக்கத்தின் கதவுகள் திறக்கப்படும் செய்தி சில மணி நேரம் முன்னதாகக் கிடைப்பின், கமக்காரர் நீரிறைக்கும் இயந்திரத்தையும் விதைநெல்லையும் கால்நடைகளையும் மேட்டுக்குக் கொண்டு செல்லலாம். கிடையாவிடின் இவை யாவும் நீரோடு போகும்.

2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வாச் சூறாவளியின்போது, செய்தி மிக வேண்டியிருந்த நாட்களிலேயே பல இடங்களிற் கைத்தொலைபேசிகள் பேச்சற்றுப் போயின. மின்சாரம் தடைப்பட்டமையும், கோபுரங்களை இணைக்கும் கம்பியிழைகள் அறுந்தமையும் இதற்குப் பெருங் காரணங்களாகும். செய்மதித் தொலைபேசிக்கு அயலிற் கோபுரம் வேண்டுவதில்லை. ஆயினும் விலையை மட்டும் பார்த்து வாங்குவோர் ஏமாறுவர்.

செய்மதிகள் இரு வகையாக இயங்குகின்றன. இன்மார்சாட், துரையா என்பவற்றின் செய்மதிகள் பூமத்திய கோட்டுக்கு மேல் ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஓரிடத்தில் நிற்பனபோலத் தோன்றும். பேசுவோர் மறுமொழிக்குச் சிறிது பொறுத்தல் வேண்டும். இரிடியத்தின் 66 செய்மதிகளோ ஏறக்குறைய 780 கிலோமீற்றர் உயரத்தில் ஓடிக்கொண்டேயிருப்பவை. ஒன்று மறையுமுன் மற்றொன்று வரும். அவை தம்முள் ஒன்றுக்கொன்று செய்தியைக் கைமாற்றுவதால், அண்மையில் நிலத்தளம் இல்லாதவிடத்தும் பேச்சுச் செல்லும். குளோபல்ஸ்டார் செய்மதிகளுக்கு இவ்வாற்றல் இல்லை. செய்மதியும் நிலத்தளமும் ஒருங்கே எட்டும் இடத்திலேயே அக்கருவி பேசும். எனவே, "உலகெங்கும் வேலை செய்யும்" என்னும் விற்பனையாளரின் சொல்லை நம்பாது, சேவைப் படத்தில் இலங்கை அடங்கியுள்ளதா எனப் பார்த்தல் வேண்டும்.

பழைய கருவி மலிவாகக் கிடைக்கும்போது செய்மதி உயிரோடுள்ளதா எனவும் கேட்டறிக. 2024 ஏப்பிரிலில் துரையாவின் மூன்றாவது செய்மதி பழுதுற்றது. அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில் அதனையே நம்பியிருந்தோரின் நல்ல கருவிகளும் ஒரே நாளிற் பயனற்றுப் போயின.

சிலாபத்தாருக்கு வேறொரு தடையும் உண்டு, அது தென்னை. கருவிக்குத் திறந்த வானம் தெரிதல் வேண்டும். அடர்ந்த ஓலைக் கூட்டம், அதிலும் மழையில் நனைந்தது, அலைகளைத் தடுக்கும். வீட்டுக்குள் நின்றும் பேசவியலாது. வயல் வரம்பிலோ குளக்கட்டிலோ நின்று, அன்டெனாவை முழுவதும் நீட்டி வானை நோக்கிப் பிடித்தல் வேண்டும். வாங்குமுன் தம் ஊரிலேயே, தம் தோட்டத்தருகிலேயே சோதித்துக் காட்டும்படி கேட்பதில் வெட்கமில்லை. மாடு வாங்குவோர் நடக்கவிட்டுப் பார்ப்பதில்லையா?

மின்கலத்தின் ஆயுளும் கருவிக்குக் கருவி வேறுபடும். இரிடியம் 9555 என்னும் கருவி காத்திருப்பு நிலையில் 30 மணி நேரமும் பேச்சில் 4 மணி நேரமும் நிற்கும். இன்மார்சாட்டின் ஐசாட்போன் 2 முறையே 160 மணி நேரமும் 8 மணி நேரமும் நிற்கும். மின்சாரமின்றிப் பல நாள் கழிக்க நேரும் ஊருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. சூரிய ஒளியால் மின்னேற்றும் பலகையொன்றும் உடனிருத்தல் நன்று. 2025 இல் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங் இணையச் சேவை வேகமானதாயினும், அதன் தட்டுக்கு இடையறாத மின்சாரம் வேண்டும்.

இத்தகைய வானொலிக் கருவிகள் 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்துக்குட்பட்டவை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியின்றி வெளிநாட்டிலுள்ள உறவினர் மூலம் தருவித்தல் ஆகாது. இந்தியாவில் அனுமதியின்றி இதனை வைத்திருப்போர் கைது செய்யப்படுதல் உண்டு. படகிற் செல்லும் தம்பிமாருக்கு இரவல் கொடுப்போர் இதனை நினைவிற் கொள்வாராக.

தனியொரு சிறு கமக்காரர் இதனை வாங்குதல் வீண். ஓர் ஏக்கர் நெல்லின் வருமானத்தையே விழுங்கக்கூடிய விலை அது. முன்பணமாகச் செலுத்திய பேச்சு நேரமும் தவணை கடந்தால் அழிந்துவிடும். கமக்காரர் அமைப்பொன்று பொதுப்பணத்தில் ஒரு கருவி வாங்கி, மேட்டு நிலத்திலுள்ள பொறுப்பான ஒருவரிடம் வைத்தலே தகும்.

யாரை அழைப்பது என்பதையும் முன்னரே தீர்மானித்தல் வேண்டும். அயலூரிலுள்ளவரின் தொலைபேசியும் வெள்ளத்தில் ஓய்ந்திருக்குமாதலால், வேறு மாவட்டத்திலுள்ள ஒருவரின் எண்ணும் குறிப்பில் இருக்கட்டும். 117 போன்ற குறுகிய எண்களை நம்பலாகாது. 00 94 எனத் தொடங்கி முழு எண்ணையும் அழுத்துதல் வேண்டும். சிலாபத்து நிலையான தொலைபேசியாயின் அதன்பின் 32 வரும். இவ்வெண்களைத் தாளில் எழுதி, நீர் புகாத உறையிலிட்டுக் கருவியோடு கட்டிவைத்து, மாதந்தோறும் ஒரு நாள் வரம்பில் நின்று பேசிப் பார்த்தல் வேண்டும்.