நல்லூரில் அரண்மனை எங்கே?

ஸ்கொத்லாந்துக்குச் செல்லும் யாழ்ப்பாணத்தவர் எடின்பரோக் கோட்டையைக் காணாது திரும்புவது அரிது. பாறையின் மேல் மதில். மதிலுக்குள் மன்னர் வாழ்ந்த மாளிகை. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே எழுந்த சிறு தேவாலயங்கூட அங்கே நிற்கின்றது. அதனைக் கண்டு மீண்ட ஒருவர், தம் நாட்டு அரசிருக்கையையும் காண்போமென்று மருதனார்மடத்திற் புறப்பட்டு, இணுவில், கொக்குவில் வழியாக நல்லூரை அடைவாராயின், முதலில் ஏமாற்றமே கொள்வார். அங்கே மதிலில்லை, அரண்மனையுமில்லை.

சங்கிலித்தோப்பிலே ஒரு வளைவு நிற்கின்றது. அரண்மனை வாயில் அதுவே என்று காட்டுவோர் பலர். சற்று அப்பால், சிதைந்த நிலையில் மந்திரிமனை. அரசனுடைய மந்திரி வாழ்ந்த இல்லம் என்பர். ஆயினும் இவ்விரண்டின் கட்டட அமைதியும் ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தைச் சார்ந்தது என்பதே ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. இடத்தின் பெயர் பழையது, கட்டடம் பிந்தியது. இதனைச் சொல்வதால் நல்லூரின் பெருமை குறைந்துவிடாது. அருகே 'ப' வடிவில் அமைந்த யமுனா ஏரி உண்டு. யமுனை நதியின் தீர்த்தத்தைக் கொணர்ந்து அரசன் இதிற் சொரிந்தான் என்பது செவிவழி மரபு.

அரண்மனை மறைந்த காரணம் தெளிவு. 1619ஆம் ஆண்டிலே பிலிப்பு த ஒலிவேறா என்னும் போர்த்துக்கேயத் தளபதி நல்லூரைக் கைப்பற்றினான். சங்கிலி மன்னன் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். 1621இல் கந்தசுவாமி கோயில் தரைமட்டமாயிற்று. ஆட்சிபீடமும் கடலோரத்துக்கு மாறியது. இடித்த கோயிலின் கற்கள் அங்கெழுந்த கோட்டைக்கே சென்றன என்பர். 1658இல் அக்கோட்டையை வென்ற ஒல்லாந்தர் அதனை ஐங்கோணமாகத் திருத்திக் கட்டினர். ஆகவே, யாழ்ப்பாணத்திலே கோட்டை பார்க்க விழைவோர் காண்பது வென்றவனுடைய கோட்டை. 1990ஆம் ஆண்டுப் போரிலே அதுவும் பெருஞ்சேதமுற்றது.

எனின், தோற்றவனுடைய நகரத்தை எங்ஙனம் காண்பது? பதினெட்டாம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை ஒரு வழி காட்டுகின்றது. நகரின் காவலாக நான்கு திசைகளிலும் கோயில்கள் அமைந்தன என்பது அந்நூற் செய்தி. கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளியம்மன், வடக்கே சட்டநாதர், தெற்கே கைலாய பிள்ளையார். இன்றுள்ள கட்டடங்கள் பிற்காலத்தில் மீள எழுந்தவையே. ஆயினும் நான்கு பெயர்களும் வழக்கொழியவில்லை. நான்கிடத்தும் விளக்கு எரிகின்றது. மதிலைத் தேடும் பயணி இந்நான்கையும் ஒருமுறை சுற்றி வந்தால், மறைந்த நகரின் அகலம் அவர் காலுக்கே புலனாகும். விடியற்காலையிற் தொடங்கினால், வெயில் ஏறுமுன் நடந்து முடித்துவிடலாம்.