மண்ணெண்ணெய்ப் புகையும் இன்றைய வீதியும்

யாழ்ப்பாணத்திலிருந்து கோப்பாயூடாகப் பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில் இன்று வாகனங்கள் ஓயாது ஓடுகின்றன. இவ்வீதியில் ஒரு காலத்தில் மண்ணெண்ணெய்ப் புகையே நிறைந்திருந்தது என்பதை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள்.

1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபொழுது குடாநாட்டிற்குப் பெற்றோல் கொண்டுவருவது தடைசெய்யப்பட்டது. பெரும்பாலோர் சைக்கிளை நம்பினர். நோயாளரையும் விளைபொருளையும் ஏற்றவேண்டியவர்களோ பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டப் பழகினர். சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டு இயந்திரத்தை இயக்குவர். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். வண்டி ஓடியது, ஆனால் கரும்புகையைக் கக்கிக்கொண்டே ஓடியது.

இதற்குக் காரணம் யாது? எரிபொருள் முற்றாக எரியவேண்டுமாயின், அது முதலில் ஆவியாகிக் காற்றுடன் நன்கு கலத்தல் வேண்டும். பெற்றோலைப்போல மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே, பெற்றோலுக்கென அமைந்த இயந்திரத்தில் அது அரைகுறையாகவே எரிகின்றது. எஞ்சியவை கரித்துகளாகவும், எரியாத ஐதரோகாபன்களாகவும், காபனோரொட்சைட்டாகவும் வெளியேறுகின்றன. காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. குருதி ஒட்சிசனை ஏற்றுச் செல்வதைத் தடுப்பது.

அந்நாள் புகை கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைய புகையில் பெரும்பகுதி தெரிவதில்லை. எனினும் தீங்கு குறைந்ததன்று. தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே பருமனுள்ள நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை சென்று, நெஞ்சு நோய்க்கும் இருதய நோய்க்கும் வழிவகுக்கின்றன. டீசல் புகை புற்றுநோயை விளைவிப்பது என்பதை உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012ஆம் ஆண்டில் அறிவித்தது.

நாட்டில் இதற்குப் பரிகாரம் தேடப்படாமலும் இல்லை. ஈயம் கலந்த பெற்றோல் 2002ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. வாகன நெருக்கம் மிகுந்த கொழும்பை உள்ளடக்கிய மேல் மாகாணத்தில் 2008ஆம் ஆண்டில் தொடங்கிய புகைப் பரிசோதனை, பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. வாகன வருமான அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிப்பதற்கு அச்சான்றிதழ் வேண்டப்படுகின்றது.

ஆயினும், பரிசோதனை ஆண்டில் ஒரு நாள். வண்டி ஓடுவதோ ஆண்டு முழுவதும். அழுக்கடைந்த காற்று வடிகட்டி இயந்திரத்திற்குப் போதிய காற்றை விடாது. பழுதுற்ற டீசல் தெளிகருவி எரிபொருளைச் சீராகத் தூவாது. இரண்டும் புகையைப் பெருக்குவன. பாடசாலை வாயிலில் இயந்திரத்தை நிறுத்தாது காத்திருக்கும் வண்டியின் புகை, முதலில் பிள்ளைகளையே சேர்கின்றது. உயரத்தில் குறைந்த அவர்களின் முகம் புகைக்குழாய்க்கு அண்மையில் உள்ளது. அவர்கள் மூச்சுவிடும் வேகமும் பெரியவர்களினும் மிகுதி.

அன்று மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டியவருக்கு வேறு வழி இருக்கவில்லை. அப்புகை இடுக்கணின் விளைவு. இன்று வழி உண்டு; வடிகட்டியைத் துப்புரவாக்குவதும், நின்ற வண்டியின் இயந்திரத்தை நிறுத்துவதும் எவர்க்கும் இயல்வனவே. இயன்றதைச் செய்யாதபொழுது எழும் புகைக்கு எந்தத் தடையையும் காரணங்காட்ட இயலாது.