சைத்திரத் தள்ளுபடியும் நம் புத்தாண்டும்

ஆடி மாதம் பிறந்தால் தமிழ்நாட்டுத் துணிக்கடைகளில் தள்ளுபடி தொடங்கிவிடும் என்பதை நேயர்கள் அறிவார்கள். அம்மாதத்தில் திருமணம் முதலிய மங்கல காரியங்களைப் பெரும்பாலோர் செய்வதில்லை. ஆகவே வாணிபம் தளர்கிறது. தளர்ந்த வாணிபத்தை நிமிர்த்துவதற்காக வணிகர் விலையைக் குறைக்கின்றனர். வங்காளத்தில் இதே தொழிலைச் செய்வது சைத்திர மாதம். வங்காள இந்துக்கள் சைத்திரத்தில் திருமணம் நடத்துவதில்லை. நம் பங்குனிதான் அவர்களுடைய சைத்திரம். மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரையில் கொல்கத்தா நகரத்துக் கடைத்தெருக்களில் 'சோய்த்ரோ சேல்' என்ற கூவலே எங்கும் கேட்கும். அந்நகரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களும் அக்கூட்டத்தில் இறங்காமல் இருப்பதில்லை.

இத்தள்ளுபடிக்கு மற்றுமொரு காரணமும் உண்டு. ஆடிக்கு அது இல்லை. வங்காள ஆண்டு சைத்திரத்தோடு முடிகிறது. வைசாக முதல் நாளில் வணிகர்கள் 'ஹால்காதா' என்னும் புதுக்கணக்குத் தொடங்குவார்கள். சிவப்புத் துணியால் கட்டிய பேரேட்டை விநாயகருக்கும் இலக்குமிக்கும் முன்னே வைத்துப் பூசை செய்வார்கள். சிலர் விடியற்காலையிலேயே காளிகட்டக் கோயிலுக்கு அதை எடுத்துச் செல்வதுண்டு. வாடிக்கையாளரை அழைத்து, பழைய பாக்கியைப் பெற்றுக்கொண்டு, இனிப்பும் நாட்காட்டியும் கொடுத்து அனுப்புவது வழக்கம். புதுக்கணக்குத் தொடங்குமுன் பழைய சரக்கைக் கழித்துப் பணமாக்கிக்கொள்ள வேண்டும் என்பது வணிகரின் எண்ணம். விற்காமல் தங்கிய துணி அவருக்கு முடங்கிப்போன முதல். அதை அசல் விலைக்கு விற்றாலும் அவருக்கு இலாபமே.

இதை உணர்ந்தவர்களுக்கு எது மெய்யான மலிவு என்பது எளிதில் விளங்கும். கடைக்காரர் குறைத்து விற்பது போன துர்க்கா பூசைக்கு வாங்கி விற்காமல் நின்ற சரக்கு. அதன் பழைய விலை மெய்யானது; குறைப்பும் மெய்யானது. குறை என்னவெனில், நாம் வேண்டும் நிறமோ அளவோ அதில் இல்லாமற் போகலாம். நடைபாதை வியாபாரியின் நிலை வேறு. அவரிடம் கழிக்க வேண்டிய பழைய சரக்கு அதிகம் இராது. மேட்டியாபுரூஸ் பகுதியில் தைக்கப்படுபவையும், ஹௌராவில் செவ்வாய்க்கிழமையின் பெயரைத் தாங்கிய மங்களா ஹாட் என்னும் மொத்தச் சந்தையிலிருந்து வருபவையும் அவர் கைக்கு வருகின்றன. அவற்றுள் இப்பருவத்திற்கென்றே மலிவாகச் செய்யப்பட்டவை பல. அவருடைய விலை குறைவுதான். ஆனால் அது குறைக்கப்பட்ட விலை என்று சொல்வதற்கில்லை. தலையணை உறை, படுக்கை விரிப்பு, குழந்தைகளின் வீட்டு உடை, இரவு அங்கி ஆகியவற்றை அவரிடம் தயங்காமல் வாங்கலாம். பத்து ஆண்டு உழைக்க வேண்டிய சேலையை நிலைத்த கடையில் வாங்குவதே என் கருத்து.

இக்கூட்டத்தின் நடுவிடம் கரியாஹாட் சந்திப்பு. ராஸ்பிஹாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் வெட்டிக்கொள்ளும் அவ்விடத்தில் கடைகளுக்கு முன்னே நடைபாதையின் இருபுறமும் விற்பனைத் தட்டிகள் நிற்க, நடுவே இருவர் தோள் உரசிச் செல்லும் வழியே எஞ்சுகிறது. காப்பித்தூளும் வாழையிலையும் மல்லிகையும் வாங்க நம்மவர் செல்லும் லேக் மார்க்கெட் அதே அவென்யூவில்தான் உள்ளது. ஆதலால் தென்னாட்டார்க்குக் கரியாஹாட்டே அண்மையானது. வடக்கே ஹாதிபாகானும், நகர நடுவே 1874-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நியூ மார்க்கெட்டும் இதற்கு இளைத்தவை அல்ல. கரியாஹாட்டுச் சிறு வியாபாரிகளின் வாழ்வு எளிதாக அமைந்துவிடவில்லை. 1996-ஆம் ஆண்டு 'ஆபரேஷன் சன்ஷைன்' என்ற பெயரில் அவர்களுடைய தட்டிகள் ஒரே இரவில் அகற்றப்பட்டன; சில காலத்துக்குள் அவர்கள் திரும்பி வந்தனர். தெரு வியாபாரிகளின் பிழைப்பைக் காக்கும் மத்தியச் சட்டம் 2014-இல்தான் வந்தது. பூசைக் காலமும் இந்தச் சைத்திரமுமே அவர்களுக்கு ஆண்டின் பெரிய வருவாய்க் காலங்கள். ஐந்து ரூபாய்க்காக நெடுநேரம் வாதாடுவோர் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

பேரம் பேசவே கூடாது என்று நான் கூறவில்லை. பேரம் இங்கே எதிர்பார்க்கப்படுவதே. 'கொதோ?' என்று விலை கேட்டுத் தொடங்கினால் போதும். ஆடவரைத் 'தாதா' என்றும், பெண்டிரைத் 'தீதி' என்றும், மணமான பெண்களை அண்ணியார் என்ற பொருளில் 'பௌதி' என்றும் அழைப்பார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்த இளைஞர் தம்மைத் தாத்தா என்கிறார்களே என்று வருந்த வேண்டியதில்லை; அண்ணன் என்பதே அதன் பொருள். அன்றைய முதல் விற்பனைக்கு வங்கத்தில் 'பௌனி' என்று பெயர். நம் 'போணி'யே அது என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. போணி ஆகும் முன் வந்த வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்ப எந்த வியாபாரியும் விரும்பமாட்டார். ஆகவே வேலைநாள் முற்பகலில் தட்டிகள் திறக்கும் நேரத்தில் செல்பவர்க்கு விலையும் குறையும், கூட்டமும் குறையும். ஞாயிறு மாலையில் சென்றால் இரண்டும் கிட்டா. மேலும் இம்மாதத்தில் மாலை வேளைகளில் 'கால்பைசாகி' என்னும் திடீர்ப் புயல் அடிப்பதுண்டு; தட்டிகளின் மேல் கட்டிய பிளாஸ்டிக் விரிப்புகள் பறக்க, ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒதுங்க இடம் தேடுவார்கள். கைக்குழந்தையோடு அதில் அகப்படுவது ஆபத்து. நடக்கும் குழந்தையானால் அதன் சட்டைப்பையில் வீட்டுத் தொலைபேசி எண்ணை எழுதி வைப்பது நன்று. பணத்தை இரண்டு இடங்களில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். கழுத்துச் சங்கிலியை வீட்டில் விட்டுச் செல்லுங்கள்.

துணியைச் சோதிக்கும் முறை பற்றி இரண்டு வார்த்தை. 'தாந்த்' எனப்படும் வங்கக் கைத்தறிப் பருத்திச் சேலை விறைப்பாக நிற்பது கஞ்சியினால். கஞ்சி மிகுந்தால் நெசவின் நெகிழ்ச்சி கண்ணுக்குத் தெரியாது. சேலையின் ஒரு மூலையை இரு விரல்களுக்கிடையே நன்றாகத் தேய்த்துப் பார்த்தால், மாவு உதிர்ந்தபின் இழைகள் விலகுகின்றனவா என்பது தெரியும். ஈரக் கைக்குட்டையால் கரையை அழுத்தினால் சாயம் ஒட்டுகிறதா என்றும் அறியலாம். கைத்தறி என்று சொல்லி விசைத்தறிச் சேலையைக் கூடுதல் விலைக்கு விற்பதும் உண்டு. அவ்வாறான ஐயம் தோன்றினால் 2006-இல் மத்திய அரசு ஏற்படுத்திய கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று எழுதிய பலகை பல கடைகளில் தொங்குகிறது. நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொண்டுபோனால் அப்பலகை செல்லும். குறையுள்ள பொருளைப் பொறுத்தவரை அது செல்லாது. 2020-ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வாணிப நடவடிக்கை. ரசீது தர மறுப்பதும் அவ்வாறே. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். ஆதலால் எத்துணை நெரிசலிலும் ரசீதைக் கேட்டு வாங்கிக்கொண்டே கடையை விட்டு இறங்குங்கள்.

நம் குடும்பங்களுக்கு இம்மாதம் கையிறுக்கமான மாதமே. மத்திய வாரியப் பள்ளிகளில் புது வகுப்பு தொடங்குவதால் கட்டணமும் புத்தகமும் ஒருங்கே வந்து நிற்கும். ஆயினும் ஒரு வசதி உண்டு. வங்காளியர்க்குச் சுபகாரியம் இல்லாத இம்மாதத்தை அடுத்து நமக்குச் சித்திரை, வைகாசித் திருமணங்கள் வருகின்றன. வீட்டில் திருமணம் வைத்திருப்போர் உறவினர்க்கு எடுத்துக் கொடுக்க வேண்டிய துணிகளை இப்போதே வாங்கிவிட்டால், வைசாகத்தில் வங்காளத் திருமணங்கள் தொடங்கி விலை ஏறுமுன் வேலை முடிந்துவிடும்.

நாட்களைக் கணக்கிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேற்கு வங்கத்தில் வைசாக முதல் நாள் பெரும்பாலும் ஏப்ரல் 15-இல் வருகிறது. நம் சித்திரை முதல் நாள் பெரும்பாலும் 14. ஆகவே நமக்கு ஆண்டுப் பிறப்பான நாளே அவர்களுக்குத் தள்ளுபடியின் கடைசி நாள். அன்று மாலை விலை மிகவும் இறங்கும் என்று காத்திருக்கும் வங்காள அயலாரைப் பின்பற்றினால், புத்தாடை உடுத்திக் கனி காண வேண்டிய காலை நமக்குக் கடந்துபோயிருக்கும். பிள்ளைகளின் துணியைப் பங்குனி முடியுமுன் வாங்கிவிட்டு, படுக்கை விரிப்பையும் திரைச்சீலையையும் அந்தக் கடைசி மாலைக்கு விட்டுவைக்கலாம்.