நாட்டுத் தக்காளியில் சத்து அதிகமா? ரகத்தை விட முக்கியமான 5 விஷயங்கள்!

மதுரை பசுமலைப் பக்கம் காய்கறி வாங்கப் போனால், ஒரு பக்கம் உருண்டு திரண்ட பெங்களூர் தக்காளி, இன்னொரு பக்கம் கோணல்மாணலாக, காம்புப் பக்கம் பச்சை படர்ந்த நாட்டுத் தக்காளி. "நாட்டுத் தக்காளியிலதான் சத்து" என்று சொல்லி கூடுதல் விலை கொடுத்து வாங்குவோரும் உண்டு. அது உண்மையா? பாதி உண்மை. மீதி, அந்தச் செடி எப்படி வளர்ந்தது என்பதில் இருக்கிறது.

1. பச்சைத் தோள் குறையா?

மதுரை வட்டாரத்துக்குப் பழக்கமான பி.கே.எம்.1 ரகம், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவானது. 'அன்னஞ்சி' என்ற உள்ளூர் ரகத்தில் மரபணு மாற்றத்தைத் தூண்டி இதைத் தேர்ந்தெடுத்தார்கள். தட்டை உருண்டை வடிவம், தோளில் பச்சை நிறம் ஆகியவைதான் இதன் அடையாளம்.

பல நவீன ரகங்களில் இந்தப் பச்சை இருக்காது. பழம் முழுக்க ஒரே சீராகச் சிவக்கும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு என்று 2012-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. சீராகப் பழுக்க வைக்கும் அதே மரபணு மாற்றம், காயில் இருக்கும் பச்சையத்தைக் குறைத்துவிடுகிறது. விளைவு, பழத்தில் சர்க்கரையும் நிறமிச் சத்துகளும் குறைகின்றன. ஆக, பச்சைத் தோளைப் பார்த்து ஒதுக்க வேண்டியதில்லை.

2. வெயில் என்ன செய்யும்?

தக்காளிக்குச் சிவப்பு தருவது லைகோபீன். 20 முதல் 25 டிகிரி செல்சியஸில் இது நன்றாக உருவாகும். 30 டிகிரியைத் தாண்டினால் தடைபடும். பீட்டா கரோட்டின் மட்டும் தொடர்ந்து உருவாவதால் பழம் ஆரஞ்சு நிறத்தில் நின்றுவிடும். 40 டிகிரியைத் தொடும் மதுரை கோடையில் மாடித் தோட்டத்துப் பழம் வெளிறிப் போக இதுவும் ஒரு காரணம். நாட்டு ரகமானாலும் இதற்கு விலக்கில்லை.

அதற்காக முழு நிழலில் வைத்தாலும் தப்பு. வெளிச்சம் குறைந்தால் வைட்டமின் சி குறையும். இலை மறைவு லேசாக இருந்தாலே போதும்.

3. தண்ணீர் அதிகமானால்?

தக்காளியில் சுமார் 94 சதவீதம் தண்ணீர்தான். நிறைய நீர் பாய்ச்சினால் பழம் பெருக்கும், எடை கூடும். ஆனால் இனிப்பும் சத்தும் நீர்த்துப் போகும். அளவாகப் பாய்ச்சினால் பழம் சிறுக்கும், ருசி கூடும். எடைக்கு விற்கும் விவசாயிக்கு இது நஷ்டம் என்பதையும் மறக்கக் கூடாது. நாட்டுத் தக்காளி விலை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

4. யூரியாவா, தொழு உரமா?

கலிஃபோர்னியாவில் 10 ஆண்டுகள் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஒப்பீட்டில், இயற்கை முறையில் விளைந்த தக்காளியில் குவர்செட்டின் என்ற சத்து 79 சதவீதம் அதிகமாக இருந்தது. தழைச்சத்து ஒரேயடியாகக் கிடைக்காதபோது செடி இத்தகைய தற்காப்புப் பொருள்களை அதிகம் தயாரிக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

5. எப்போது பறித்தது?

வெளியூர் அனுப்பக் காயாகப் பறித்தால், இலையிலிருந்து சர்க்கரை வருவது அந்த நொடியே நின்றுவிடும். பிறகு நிறம் மாறும், ருசி ஏறாது. செடியிலேயே பழுத்தது எப்போதும் ஒரு படி மேல். நாட்டுத் தக்காளியின் தோல் மெல்லியது, தூரம் தாங்காது. அதனால் பக்கத்து ஊரிலிருந்து பழமாகவே வர வாய்ப்பு அதிகம். அதன் பலம் பெரும்பாலும் இங்கேதான்.

அப்படின்னா எதை வாங்குவது?

பருவத்தில், பக்கத்தில் விளைந்து, செடியிலேயே பழுத்ததா என்று பாருங்கள். கோடையில் வெளிறிய நாட்டுத் தக்காளியை விட, நன்றாகச் சிவந்த ஹைபிரிட் பழத்தில் லைகோபீன் கூடுதலாகவே இருக்கலாம்.

வாங்கிய பிறகு சமையலும் முக்கியம். எண்ணெயில் வதக்கித் தொக்கு செய்தால் லைகோபீன் உடம்பில் எளிதாகச் சேரும். ஆனால் வைட்டமின் சி குறையும். அதனால் தொக்கும் வேண்டும், பச்சடியும் வேண்டும்.