வலிக்காத கட்டியை நம்பாதீர்கள்

குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. சமைக்க முடிகிறது, வேலைக்குப் போக முடிகிறது, தாம்பரத்திலிருந்து கிண்டி வரை எலெக்ட்ரிக் டிரெயினில் நின்றுகொண்டே போய்வர முடிகிறது. 'கொழுப்புக் கட்டியாக இருக்கும்', 'பால் கட்டிக்கொண்டிருக்கும்', 'தீட்டு நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்' என்று சமாதானங்கள் வரிசையாக வருகின்றன. பிள்ளையின் தேர்வு முடியட்டும், பொங்கல் கழியட்டும் என்று நாள் தள்ளிப்போகிறது. மார்பகப் புற்றுநோயில் உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் இப்படிக் கழியும் மாதங்கள்தான்.

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் எனத் தென்சென்னைப் புறநகரில் மருத்துவமனைக்குப் பஞ்சமில்லை. கட்டி தெரிந்த நாளுக்கும் அதை மருத்துவரிடம் காட்டும் நாளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் குறைத்தால் போதும், பல வீடுகளில் அம்மாவும் அக்காவும் பிழைத்திருப்பார்கள். அதற்காகவே இந்தக் கட்டுரை.

எண்கள் சொல்லும் உண்மை

உலக அளவில் 2022-ம் ஆண்டில் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 6,70,000 பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பேருக்குப் புதிதாக இந்த நோய் வந்தது; இறந்தவர்கள் ஏறத்தாழ 98,000 பேர். உலகக் கணக்கோடு ஒப்பிட்டால் நம் நாட்டில் இறப்பின் பங்கு மிக அதிகம். இங்கே நோயை முற்றிய பிறகு கண்டுபிடிப்பது இதற்கு முக்கியக் காரணம்.

சென்னையில் 1980களின் தொடக்கத்திலிருந்து புற்றுநோய்ப் பதிவேடு ஒன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் பராமரிக்கப்படுகிறது. அந்தக் காலத்தில் சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய். இன்று அந்த இடத்தில் மார்பகப் புற்றுநோய் இருக்கிறது. இன்னொரு கவலையும் உண்டு. மேலை நாட்டுப் பெண்களுக்கு வருவதைவிட ஏறத்தாழ பத்து ஆண்டுகள் முன்னதாகவே நம் பெண்களுக்கு இந்த நோய் வருகிறது. நாற்பதுகளில் இருக்கும் ஒரு பெண், 'இது வயதானவர்களுக்கு வருவது' என்று இருந்துவிட முடியாது.

யாருக்கு வாய்ப்பு அதிகம்?

பெண்ணாக இருப்பதும் வயது ஏறுவதுமே முதல் காரணங்கள். மார்பகத் திசுக்கள் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்கு எவ்வளவு காலம் ஆட்பட்டிருக்கின்றனவோ, அவ்வளவுக்கு ஆபத்து கூடுகிறது. 12 வயதுக்கு முன்பே பூப்பெய்தியவர்கள், 55 வயதுக்குப் பிறகு மாதவிடாய் நின்றவர்கள், குழந்தை பெறாதவர்கள், 30 வயதுக்குப் பிறகு முதல் குழந்தை பெற்றவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு சற்று அதிகம். தாய்ப்பால் கொடுப்பது ஓரளவு பாதுகாப்பு தருகிறது. மொத்தத்தில் எத்தனை மாதம் கொடுத்தார்களோ அந்த அளவுக்குப் பலன் கூடும்.

மாதவிடாய் நின்ற பிறகு கூடும் உடல் எடை, உடலுழைப்பு இல்லாமை, மதுப்பழக்கம், நீண்ட காலம் எடுத்துக்கொள்ளும் ஹார்மோன் மாத்திரைகள், இளவயதில் மார்புப் பகுதிக்குக் கொடுக்கப்பட்ட கதிர்வீச்சு ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. இவற்றில் எடை, உழைப்பு, மது மூன்றும் நம் கையில் இருக்கின்றன. பழைய மகாபலிபுரம் சாலையில் நாளெல்லாம் கணினி முன் அமர்ந்திருப்பவர்களுக்கு தினமும் அரைமணி நேர வேக நடை அழகுக்கான விஷயம் அல்ல, உடலுக்கான காப்பு.

இந்த நோயில் 5 முதல் 10 சதவீதம் வரை பரம்பரையாக வருவது. பி.ஆர்.சி.ஏ.-1, பி.ஆர்.சி.ஏ.-2 என்ற மரபணுக்களில் பிறவியிலேயே கோளாறு உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வாழ்நாளில் ஒருகட்டத்தில் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும். தாய், சகோதரி, சித்தி, அத்தை ஆகியோரில் யாருக்காவது இளவயதிலேயே மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால், அதை மருத்துவரிடம் சொல்லி மரபணு ஆலோசனை பெறுங்கள். அப்பா வழி உறவும் இதில் சேரும். அதே சமயம், 'எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை' என்பது காப்பு ஆகாது. நோய் வருபவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

அடிபட்டதால், இறுக்கமாக உள்ளாடை அணிந்ததால், கண்ணேறு பட்டதால் இந்த நோய் வருவதில்லை. தொட்டால் ஒட்டுவதும் இல்லை. அரிதாக ஆண்களுக்கும் வரும். ஆணின் மார்பில் தோன்றும் கட்டியையும் அலட்சியப்படுத்தக் கூடாது.

எவற்றைக் கவனிக்க வேண்டும்?

மாதவிடாய் முடிந்த சில நாட்களுக்குப் பிறகு மார்பகம் மிருதுவாக இருக்கும். அப்போது கண்ணாடி முன் பார்த்தும், விரல்களின் தட்டையான பகுதியால் அழுத்தித் தடவியும் உங்கள் மார்பகம் இயல்பில் எப்படி இருக்கும் என்று பழகிக்கொள்ளுங்கள். மாதவிடாய் நின்றவர்கள் மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம். அக்குளையும் தடவிப் பாருங்கள். இந்த மாற்றங்களில் ஏதேனும் ஒன்று தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்:

- மார்பிலோ அக்குளிலோ புதிதாக ஒரு கட்டி அல்லது தடிப்பு
- தோலில் குழிவிழுதல், சுருக்கம், ஆரஞ்சுப் பழத் தோல் போன்ற சொரசொரப்பு
- மார்புக்காம்பு உள்ளிழுத்துக்கொள்ளுதல், திசை மாறுதல்
- காம்பிலிருந்து தானாக ரத்தமோ நீரோ கசிதல்
- காம்பைச் சுற்றி ஆறாத புண், செதில்
- ஒரு மார்பகம் மட்டும் அளவிலோ வடிவத்திலோ மாறுதல், சிவத்தல், வீங்குதல்

மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. நீர்க்கட்டிகளும் தீங்கற்ற நார்க்கட்டிகளுமே அதிகம். ஆனால் எது எது என்று வீட்டில் தடவிப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆரம்ப நிலைப் புற்றுநோய்க் கட்டி பொதுவாக வலிப்பதில்லை. வலிக்கவில்லை என்பதை நிம்மதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதையே மருத்துவரைப் பார்க்கக் காரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். பாலூட்டும் தாய்க்கு வந்த கட்டி இரண்டு வாரத்தில் கரையாவிட்டால் 'பால் கட்டி' என்று விட்டுவிடக் கூடாது.

அறிகுறி இல்லாதவர்களுக்கும் பரிசோதனை

30 முதல் 65 வயது வரையுள்ள பெண்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது பயிற்சி பெற்றவரிடம் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். ஆனால் 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது ஒருமுறை மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

கையால் செய்யும் இந்த எளிய பரிசோதனையைக் குறைத்து எண்ண வேண்டாம். மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2021-ல் வெளிவந்தன. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்ததில், 50 வயதைத் தாண்டிய பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. நம் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொற்றா நோய்ப் பிரிவுச் செவிலியர் இந்தப் பரிசோதனையைக் கட்டணமின்றிச் செய்கிறார். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போகும் நாளிலேயே இதையும் முடித்துக்கொள்ளலாம். 40 வயதைக் கடந்தவர்கள் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எப்போது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கட்டி என்று தெரிந்த பிறகு

மருத்துவர் மூன்று படிகளில் முடிவுக்கு வருவார். முதலில் கையால் பரிசோதனை. அடுத்து மேமோகிராம், அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். இளவயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் அல்ட்ராசவுண்டில்தான் தெளிவாகத் தெரியும். மூன்றாவதாக, மரத்துப்போக ஊசி போட்டு, சற்றுத் தடித்த ஊசியால் கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி.

'ஊசி குத்தினால் புற்று பரவிவிடும்' என்ற பேச்சு நம் ஊரில் பல உயிர்களைப் பலி வாங்கியிருக்கிறது. பயாப்சியால் நோய் பரவுவதில்லை. அது இல்லாமல் சரியான சிகிச்சையைத் தொடங்கவும் முடியாது. பயாப்சிக்கு முன்பே அவசரமாகக் கட்டியை வெட்டியெடுத்துவிடுவது பின்னால் சிகிச்சையைச் சிக்கலாக்கும்.

துணுக்கில் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரான் ஏற்பிகளும் ஹெர்-2 புரதமும் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். இவை எவை இருக்கின்றன என்பதைப் பொறுத்தே மருந்து அமைகிறது. மூன்றும் இல்லாத வகையை 'டிரிப்பிள் நெகட்டிவ்' என்பார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்த சிகிச்சையும் உங்களுக்குக் கொடுப்பதும் வேறாக இருப்பதற்குக் காரணம் இதுதான். கட்டியின் அளவு, அக்குள் நெறிக்கட்டிகள், வேறு உறுப்புகளுக்குப் பரவியிருக்கிறதா என்பது ஆகியவற்றை வைத்து நோயின் நிலை கணிக்கப்படும்.

இந்தியப் பதிவேடுகளின் கணக்குப்படி, நோய் மார்பகத்துக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடிக்கப்பட்ட நூறு பேரில் 81 பேர் ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் உயிருடன் இருக்கிறார்கள். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பிறகு வந்தவர்களில் அது 18 பேர்தான். சீக்கிரம் வாருங்கள் என்று மருத்துவர்கள் மன்றாடுவது இதனால்தான்.

சிகிச்சை முறைகள்

அறுவை சிகிச்சை என்றாலே மார்பகத்தை முழுதாக எடுத்துவிடுவார்கள் என்பது பழைய நிலை. சிறிய கட்டி என்றால் அதையும் சுற்றியுள்ள சிறு பகுதியையும் மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுக்கலாம். முழுதாக எடுத்தவர்களுக்கும் இவ்வாறு செய்துகொண்டவர்களுக்கும் ஆயுளில் வித்தியாசம் இல்லை என்பதை இருபதாண்டு ஆய்வுகள் 2002-லேயே உறுதிப்படுத்திவிட்டன.

பெரிய கட்டி என்றால் முதலில் கீமோ மருந்தால் சுருக்கிவிட்டுப் பிறகு அறுவை சிகிச்சை செய்வதுண்டு. கீமோவில் கொட்டும் முடி, சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். நம் மக்கள் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சில் மின்சாரம் எதுவும் பாய்ச்சப்படுவதில்லை; கொடுக்கும்போது வலியும் இருக்காது. முன்பு ஐந்து வாரம் கொடுத்ததை இப்போது பலருக்கு மூன்று வாரத்திலேயே முடித்துவிடுகிறார்கள். தாம்பரத்திலிருந்து தினமும் போய்வருபவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஹார்மோன் ஏற்பி உள்ளவர்கள் டாமாக்சிஃபென், லெட்ரோசோல் போன்ற மாத்திரையை 5 முதல் 10 ஆண்டுகள் வரை தினமும் சாப்பிட வேண்டும். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். ஹெர்-2 வகைக்கு டிராஸ்டுசுமாப் ஊசி உண்டு. இந்தியாவிலேயே தயாராகும் அதன் மாற்று வடிவங்கள் வந்தபின் விலை குறைந்திருக்கிறது. குழந்தை பெற விரும்பும் இளம்பெண்கள் கீமோ தொடங்கும் முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

செலவும் சம்பளமும்

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து எழுந்து, 1954-ல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021-ல் மறையும்வரை ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே தரமான சிகிச்சை என்பதையே கொள்கையாகக் கொண்டிருந்தார். அடையாறு தவிர, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் பெறும் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றை முன்பே தயாராக வைத்திருங்கள். தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்திலும் மற்ற தொழிற்கூடங்களிலும் வேலை செய்யும் பெண்களுக்கு இ.எஸ்.ஐ. இருந்தால் சிகிச்சைச் செலவு அதில் அடங்கும். இரண்டாண்டுகள் காப்பீட்டில் இருந்து, சந்தா நிபந்தனைகளையும் நிறைவேற்றியவர்கள் புற்றுநோய்க்காக விடுப்பில் இருக்கும்போது, சம்பளத்தில் 80 சதவீதத்தை இரண்டாண்டுகள் வரை பெறவும் வழி உண்டு. இது தெரியாமல் வேலையை விட்டுவிடும் பெண்கள் இருக்கிறார்கள். விவரம் வேண்டுவோர் 104 என்ற எண்ணில் கேட்கலாம்.

குடும்பத்தாரிடம் ஒரு சொல்

தாம்பரம் சானடோரியத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-ல் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது அந்நோய்க்கு மருந்தே கிடையாது. சானடோரியம் என்ற பெயரே பயம் தந்த காலம் அது. இன்று காசநோயைக் குணப்படுத்த முடியும் என்பது ஊரறிந்த செய்தி. புற்றுநோயைச் சுற்றியுள்ள பயமும் அப்படி விலக வேண்டும். 'வெளியே தெரிந்தால் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாது' என்று மறைப்பதால் இழப்பது நேரத்தைத்தான்.

கணவர்களே, பிள்ளைகளே, வீட்டுப் பெண் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். விடுப்பு எடுத்துக் கூடப் போங்கள். முதன்முதலில் மருத்துவரிடம் காட்டிய 60 நாட்களுக்குள் நோய் உறுதியாகிவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு. அந்த 60 நாள் கணக்குத் தொடங்க வேண்டுமானால் முதல் நாள் நீங்கள் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டி தெரிகிறதா? இந்த வாரமே காட்டுங்கள்.