சென்னை - மதுரை விமானம்: கணக்குப்படி அரை மணி, டிக்கெட்டில் ஒன்றேகால் மணி!

சென்னை:

"அப்பாவுக்கு ரொம்ப சீரியஸ். உடனே கிளம்பி வா..."

மதுரையில் இருந்து இப்படி ஒரு போன் வந்தால், சென்னையில் கூலி வேலை பார்ப்பவர் மனசு என்ன பாடுபடும்? "பிளைட்டுல போனா ஒரு மணி நேரத்துல போயிடலாமே" என்று கடனை வாங்கி டிக்கெட் எடுப்பவர்களும் உண்டு. ஆனால் ஒரு மணி நேரத்தில் வீடு போய்ச் சேர முடியுமா?

தூரம் எவ்வளவு?

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இருந்து மதுரை விமான நிலையம் வரை நேர்கோட்டில் அளந்தால் சுமார் 420 கி.மீ. இதுவே ரோடு வழியாக சுமார் 460 கி.மீ. ரெயில் பாதையோ 490 கி.மீ.க்கும் மேல்.

நேரம் எங்கே போகிறது?

ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கக்கூடியது. அந்தக் கணக்குப்படி 420 கி.மீ.யை அரை மணியில் தாண்டி விடலாம். ஆனால் டிக்கெட்டில் ஒன்றேகால் மணி என்று போட்டிருக்கும்.

காரணம் இதுதான். விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததுமே நேரக்கணக்கு ஆரம்பம். மதுரையில் நிறுத்தும் இடத்துக்கு வந்து நிற்பது வரை கணக்கு ஓடும். ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, கீழே இறங்குவது எல்லாமே வேகம் குறைவான வேலை. பாதையும் நேர்கோடாக இருக்காது. விசிறி வைத்த ஏ.டி.ஆர். விமானம் என்றால் வேகமே மணிக்கு 500 கி.மீ. அளவுதான். அதற்கு இன்னும் கொஞ்சம் கூடும்.

டிக்கெட்டில் இல்லாத நேரம்

உள்நாட்டு பயணத்துக்கு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே கவுண்டரை மூடி விடுவார்கள். போட்டோ உள்ள அடையாள அட்டை இல்லாவிட்டால் உள்ளேயே விட மாட்டார்கள்.

வடசென்னையில் இருந்து விமான நிலையம் போக ஒன்றேகால் மணி, அங்கே காத்திருக்க 2 மணி, பயணம் ஒன்றேகால் மணி, இறங்கி பெட்டி எடுத்து மதுரை ஊருக்குள் போக ஒரு மணி. மொத்தம் ஐந்தரை மணி நேரம்!

ரெயிலில் எவ்வளவு?

2024-ல் தொடங்கிய எழும்பூர் - நாகர்கோவில் வந்தே பாரத் சுமார் ஐந்தே முக்கால் மணி நேரத்தில் மதுரையைத் தொடுகிறது. 2019-ல் வந்த தேஜஸ் 6 மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். 1977-ல் இருந்து ஓடும் வைகை எக்ஸ்பிரசுக்கு 7 மணி நேரத்துக்கு மேல். ஆனால் வைகையில் முன்பதிவில்லாத பெட்டி உண்டு. அவசரத்துக்கு அப்படியே ஏறிக்கொள்ளலாம்.

எதில் போகலாம்?

பயண நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். அடுத்து கிளம்புவது எது என்று பாருங்கள். மதியம் 2 மணிக்கு முன்பே கிளம்பும் வைகை, இரவு 9 மணிக்கு மேல் மதுரை போய்விடும். கையில் கிடைத்தது மாலை 5 மணி விமானம் என்றால் ஏழேகாலுக்கு ஊருக்குள் இருக்கலாம். விமானம்தான் லாபம். அதுவே இரவு 8 மணி விமானம் என்றால் பத்தேகால் ஆகிவிடும். ரெயிலே முந்தி விடும்!

கடைசி நேர விமான டிக்கெட் விலை எகிறும். கடன் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், காசும் மிஞ்சும். அப்பா முகத்தையும் சீக்கிரம் பார்க்கலாம்.