தண்ணீருக்கு நான்கு எண்கள்

சீன எழுத்தின் உறுப்புகள் கண்ணுக்குத் தெரிகின்றன. கம்ப்யூட்டருக்குத் தெரிவதில்லை. அவஸ்தை பெயர்களுக்கு.

ஜூ ரோங்ஜி 1998 முதல் 2003 வரை சீனாவின் பிரதமர். கண்டிப்புக்குப் பெயர் போனவர். ஆனால் அந்தப் பெயரையே சரியாக அடிக்க முடியாமல் கம்ப்யூட்டர்கள் திணறின. பெயரின் நடு எழுத்துக்கு உலோகத்தை உருக்குவது என்று பொருள்: இடப்பக்கம் 'உலோகம்', வலப்பக்கம் ஒலியைச் சொல்லும் பாதி. 1955-ல் எழுத்துகளைக் குறைத்தபோது இது தேவையற்றது என்று கழிக்கப்பட்டது. எனவே 1980-ல் அரசு வெளியிட்ட 6,763 எழுத்துகள் கொண்ட கம்ப்யூட்டர் பட்டியலிலும் இடமில்லை. சிலர் உலோகத்துக்குப் பதில் 'நெருப்பு' உள்ள எழுத்தைப் போட்டார்கள். சிலர் இரு பாதிகளையும் அடைப்புக்குறிக்குள் தனித்தனியே அடித்து, சேர்த்துப் படிப்பதை வாசகரிடமே விட்டார்கள்.

தைவானிலும் இதே கதை. 2002 முதல் 2005 வரை அங்கே பிரதமராக இருந்த யூ ஷிகுன் பெயரின் கடைசி எழுத்து, அங்கு புழங்கிய பட்டியலில் இல்லை. பத்திரிகைகள் அதை 'சதுரம், சதுரம், மண்' என்று பிரித்து அச்சிட்டன.

மனிதர்கள் இப்படிப் பிரித்துப் பார்ப்பது இயல்பு. சீன அகராதியே அப்படித்தான் அமைந்தது. ஒவ்வொரு எழுத்தையும் அதன் முக்கிய உறுப்பின் கீழ் வைப்பார்கள். அந்த உறுப்புக்கு 'பூஷோ', அதாவது பிரிவின் தலை, என்று பெயர். ஆறு, ஏரி, கடல் மூன்றுக்கும் இடப்பக்கம் மூன்று நீர்த்துளிகள். மூன்றும் 'தண்ணீர்' தலையின் கீழ் வரும். 1716-ல் பேரரசர் காங்ஷி ஆணையில் உருவான அகராதி, 47,035 எழுத்துகளை 214 தலைகளுக்குள் அடக்கியது.

கம்ப்யூட்டரின் கணக்கு வேறு. தமிழில் 'கி' என்று அடித்தால் யூனிகோட் அதைக் 'க' ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு எண்களாக வைத்துக்கொள்ளும். ஆற்றைக் குறிக்கும் சீன எழுத்துக்கோ ஒரே எண்தான்: 27743. அந்த எண்ணுக்குள் தண்ணீர் இல்லை. பட்டியலில் இல்லாத எழுத்தை உறுப்புகளைக் கோத்து உண்டாக்கவும் வழியில்லை.

பிறகு 1999-ல் யூனிகோட் மூன்றாம் பதிப்பு உறுப்புகளுக்கும் தனி எண்கள் கொடுத்தது. காங்ஷியின் 214 தலைகள், துணை வரிசையில் இன்னும் 115 வடிவங்கள். அகராதிக்காரர்கள் தலையைத் தலையாகவே குறிப்பிட வேண்டும் என்பது நோக்கம். விளைவு வேடிக்கையானது. தண்ணீர் என்ற சொல்லுக்கு 27700. அதே உருவம் தலையாக வந்தால் 12116. மூன்று துளி வடிவம் ஓரிடத்தில் 27701, துணை வரிசையில் 11937.

கண்ணுக்கு 27700-ம் 12116-ம் ஒன்றே. தேடும் மென்பொருளுக்கு வேறு வேறு. சில பிடிஎஃப் கோப்புகளிலிருந்து சீன, ஜப்பானிய வரிகளை நகல் எடுத்தால் சாதாரண எழுத்தின் இடத்தில் தலையின் எண் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஒரே உருவத்துக்கு இரண்டு எண்கள் இருக்க, கோப்பை உருவாக்கிய மென்பொருள் தவறானதைப் பிடித்துக்கொண்டதுதான் காரணம். பக்கத்தில் தெளிவாகத் தெரியும் சொல்லைத் தேடினால் 'இல்லை' என்று பதில் வரும். இரண்டையும் சமமாகக் கொள்ளலாம் என்று யூனிகோட் விதி உண்டு. எல்லா மென்பொருளும் அதைப் பின்பற்றுவதில்லை. துணை வரிசையின் 115-ல் இரண்டுக்கு மட்டுமே அந்த விதி பொருந்தும். மற்றவற்றுக்கு ஒப்பீட்டுப் பட்டியல் 2018-ல்தான் வந்தது. தலைகளுக்கு எண் கொடுத்த அன்றே செய்திருக்க வேண்டிய வேலை.

பெயர்ச் சிக்கலுக்கு சீன அரசு கண்ட வழி, பட்டியலை நீட்டுவது. 2022-ல் வெளியாகி 2023 ஆகஸ்டில் அமலுக்கு வந்த புதிய தரத்தில் 87,887 எழுத்துகள். இதிலும் இல்லாத எழுத்தை விவரிக்க யூனிகோடில் வேறு குறிகள் உண்டு: 'இது இடம், அது வலம்', 'இது மேல், அது கீழ்' என்கிற ரகம். ஆனால் அவை விவரிக்க மட்டுமே. கம்ப்யூட்டர் அதைப் படித்து எழுத்தை வரைந்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. 'சதுரம், சதுரம், மண்' என்று பத்திரிகைகள் செய்ததும் இதைத்தான்.